மெக்கானிக் கிளம்பிட்டார்

என் அண்ணன் பேசிப் பேசியே பதினேழு வருஷம் குடும்பம் நடத்தினார் என்று சொன்னால், அவரைத் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டில் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. காபி வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது வேண்டும் என்கிற ஆட்டமா, வேண்டாம் என்கிற ஆட்டமா என்று கண்டுபிடிக்க அண்ணிக்கே கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனது. நான் அவருக்கு நேர் எதிர். இரண்டு பிள்ளைக்கு வர வேண்டிய பேச்சை நான் ஒருத்தியே வாரிக்கொண்டு வந்துவிட்டேன் என்று அம்மா சொல்வாள்.

அண்ணனுடைய வேலை, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவது. சிரிக்காதீர்கள். லிஃப்டுக்குள் மாடி எண்களுக்குக் கீழே மணிப் படம் போட்டு ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் எங்கேயோ ஒரு டெலிஃபோன் அடிக்கும். அந்த எங்கேயோதான் என் அண்ணன் இருந்த அறை. ஒரு லிஃப்ட் கம்பெனியின் இரண்டாம் மாடி. ஜன்னல் கிடையாது. மூன்று நாற்காலி, மூன்று டெலிஃபோன், சுவரை அடைத்துக்கொண்டு ஊரின் வரைபடம். பகல் ஷிஃப்டில் நடு நாற்காலி அண்ணனுக்கு. எந்தக் கட்டடம், உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு மெக்கானிக்கை அனுப்பினால் வேலை முடிந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் "ஆள் வருவாங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார்கள். அண்ணன் வைக்க மாட்டார்.

கதவு திறக்கிற வரைக்கும் லைனிலேயே இருப்பார். பத்து நிமிஷமானாலும் சரி, ஐம்பது நிமிஷமானாலும் சரி. அதற்கென்று சில சட்டங்கள் வேறு வைத்திருந்தார். "பயப்படாதீங்க" என்ற வார்த்தை அவர் வாயில் வரவே வராது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுவரைக்கும் அவங்க பயத்தைப் பத்தி நினைக்காமகூட இருந்திருக்கலாம். நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அப்ப என்னதான் பேசுவே?"

"எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்கன்னு கேப்பேன். கண்ணாடியைப் பார்த்து நின்னாங்கன்னா திரும்பி நிக்கச் சொல்லுவேன். அந்த நேரத்துல தன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா யாருக்கும் கலக்கமாத்தான் இருக்கும்."

"அது உன் மூஞ்சியா இருந்தா சரி" என்றேன். சிரித்தார். அவரிடமிருந்து இவ்வளவு பேச்சை வாங்கியதே எனக்குப் பெரிய சாதனை.

இன்னொரு சட்டம், பொய் சொல்லக் கூடாது. மெக்கானிக் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான் "மெக்கானிக் கிளம்பிட்டார்" என்பார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு வருமாம். அதற்குப் பிறகு ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசலாமாம். கடைசியில் கதவை நெம்புகிற சத்தம், "வாங்க, பார்த்து வாங்க" என்று மெக்கானிக்கின் குரல், அப்புறம் ஓடுகிற காலடி. யாரும் திரும்பி வந்து ஒரு நன்றி சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? விட்டால் போதும் என்று ஓடத்தானே தோன்றும். அண்ணன் அந்தக் காலடி ஓய்கிற வரை கேட்டுவிட்டுத்தான் ஃபோனை வைப்பார்.

போன வருஷம் கம்பெனி அந்த அறையை மூடிவிட்டது. எல்லா ஊர் அழைப்புகளும் இனி ஒரே இடத்துக்குப் போகும், முதலில் மெஷின் பேசும், அவசியப்பட்டால் ஆள் பேசும் என்று புது ஏற்பாடு. மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கடிதம், ஒரு கைகுலுக்கல், அவ்வளவுதான். மத்தியானம் மூன்று மணிக்கு அண்ணன் வாசலில் வந்து நின்றதும் அண்ணி பதறிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"வேலை போச்சு."

அந்த வாரம் முழுக்க அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான் என்றாள் அண்ணி. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு வாங்க ஏறிப் போனால், அண்ணன் ஹாலில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் அண்ணியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைகளுக்கு ஆல்ட்ரேஷன் தைத்துக் கொடுக்கிறவள் அண்ணி. ஒரே மகளும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். தையல் மெஷின் நின்றால் அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"பக்கத்து வீட்டு ஃபோன் அடிச்சாக்கூட எந்திரிச்சு நின்னுடறார்" என்று அண்ணி என் காதில் சொன்னாள். "நின்னுட்டு, அப்புறம் நம்மளோடது இல்லைன்னு உட்கார்ந்துக்கறார். என்னால பார்க்க முடியலை."

இரண்டாம் மாதம் அவர் தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார். வேலை தேடுகிறார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் எனக்கு ஒரு ஃபோன். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் காவலாளி பேசினார். உங்கள் அண்ணன் என்று ஒருத்தர் இங்கே இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பாதி வேலையில் போட்டது போட்டபடி பஸ்ஸைப் பிடித்து ஓடினேன்.

"லிஃப்ட் நல்லாத்தாம்மா ஓடுது" என்றார் காவலாளி. "இவர் உள்ளே போய் மணியை அழுத்திட்டு அதுல காதை வெச்சுக்கிட்டே நிக்கிறார். மேலே போறார், கீழே வர்றார், மறுபடி மேலே போறார். ஏறுறவங்க எல்லாம் ஏதோ கோளாறுன்னு பயந்து இறங்கிடறாங்க. வெளியே வாங்க சார்னா, லைன்ல இருக்கேங்கிறார்."

தெருவில் இறங்கியதும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். வயசுக்கேற்ற வேலையா இது, என் மானத்தை ஏன் வாங்குகிறாய் என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"யார் எடுக்கிறாங்கன்னு பார்க்கலாம்னு நினைச்சேன்" என்றார்.

"யாரு எடுத்தா?"

"ரெக்கார்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, காத்திருக்கவும்னு ஒரு பொம்பளைக் குரல். சரின்னு காத்திருந்தேன். இருபது நிமிஷம் ஆச்சு. நிஜமாவே மாட்டிக்கிட்டவங்களும் இதைத்தானேடி கேட்டுக்கிட்டு நிப்பாங்க."

அதைச் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. வேலை போனதற்கு அழாதவர் நடுரோட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பசிக்கிறதா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

அதற்குப் பிறகு நானே களத்தில் இறங்கினேன். அவரை மேஜையில் உட்காரவைத்து விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்தோம். ஒன்றில் 'உங்கள் திறமைகள்' என்று போட்டு அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். நான் அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அண்ணன் அதில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: பேசுவேன்.

"அட கடவுளே! எல்லாரும்தான் பேசுவாங்க. நான் பேசலையா?"

"நீ பேசுவே. கேக்க மாட்டே."

"அப்ப, கேப்பேன்னு எழுது."

அவர் நிஜமாகவே பேனாவை எடுத்தார். தலையில் அடித்துக்கொண்டு தாளைப் பிடுங்கி, 'வாடிக்கையாளர் சேவை, பதினேழு ஆண்டு அனுபவம்' என்று நானே எழுதினேன். அந்த வாசகத்தை நம்பி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. ஃபோனில் பாலிசி விற்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது பேரைக் கூப்பிடச் சொன்னார்கள். அண்ணன் நாலு பேரோடு பேசிவிட்டு வந்தார். அதில் ஒரு அம்மாள் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாள். நாற்பது நிமிஷம் அவளோடு பேசியிருக்கிறார். பாலிசிப் பேச்சை எப்போது எடுத்தீர்கள் என்று மேலாளர் கேட்டதற்கு, அந்த நேரத்தில் எப்படி சார் எடுக்கிறது என்று அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறார். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது பார்சல் ஆபீஸ். எடை போட்டு ரசீது கிழிக்கிற வேலை. அங்கே யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, மூன்று வாரத்தில் அவரே நின்றுவிட்டார். "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் தராசைத்தான் பார்க்கிறாங்க" என்றார்.

இந்த நேரத்தில்தான் அண்ணியின் தம்பி வந்தார். வேறு ஊரில் பைப் கடை வைத்திருக்கிறவர். தங்கமான மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. குடோனுக்கு நம்பிக்கையான ஆள் ஒருத்தர் வேண்டும், ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடுங்கள் என்றார். தங்க மாடியில் அறை இருக்கிறது, அக்கா பின்னால் வரட்டும் என்றார்.

"ரொம்ப நிம்மதியான வேலை மச்சான். குடோனுக்கு யாருமே வர மாட்டாங்க. நாள் பூரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை!"

பாவம், நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினார். எந்த ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அண்ணி, சரியென்கிறார் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மனுஷன் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் போதும் என்கிற இடத்துக்கு அவள் வந்திருந்தாள்.

ஒன்றாம் தேதிக்கு ஒரு மாதம் இருந்தது. நான் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். பெயர், வயது, உடம்பில் எங்கேயாவது இரும்பு வைத்திருக்கிறார்களா என்று நாள் முழுக்கக் கேட்டு எழுதுவது என் வேலை. அங்கே வீல்சேர் தள்ளுகிற அட்டெண்டர் ஒரு மாத விடுப்பில் போயிருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இங்கே வந்து நில்லேன் என்று அண்ணனைக் கூட்டி வந்தேன். அண்ணனை அட்டெண்டராக்கிய தங்கச்சி என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது.

ஸ்கேன் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். ஆளைப் படுக்கவைத்து ஒரு குழாய்க்குள் தள்ளிவிடும். முகத்துக்கு மேலே ஒரு சாண் இடம்தான் இருக்கும். சுவரில் துளை போடுகிற மாதிரி சத்தம் வரும். அரை மணி நேரம் அசையக் கூடாது. கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்திருப்பார்கள். முடியவில்லை என்றால் அதை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிற அறையில் மணி அடிக்கும். டெக்னீஷியன் அம்மா மைக்கில் "ஆடாதீங்க, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்பார். கைதேர்ந்தவர், ஆனால் அவருக்குப் படம் தெளிவாக வர வேண்டும் என்கிற ஒரே கவலை. நாளைக்கு இரண்டு பேராவது பாதியில் எழுந்து ஓடிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பெரிய டாக்டர் என்னைப் பார்த்து முறைப்பார், நான்தான் அவர்களைத் துரத்திவிட்ட மாதிரி.

அண்ணன் வந்த முதல் நாளே அது நடந்தது. உள்ளே ஒரு ஸ்கூல் டீச்சர். டெக்னீஷியன் பக்கத்து அறையில் பிரிண்டரைப் பார்க்கப் போயிருந்தார். மணி அடித்தது. வெளியே ஸ்டூலில் இருந்த அண்ணன் எப்போது எழுந்தார், எப்போது உள்ளே போனார் என்று நான் பார்க்கவில்லை. திரும்பினால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்னை வெளியே எடுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

"சரிங்க. எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறீங்க?"

"நிக்கலைங்க, படுத்திருக்கேன்!"

"ஆமாமா, படுத்திருக்கீங்க. அப்படியே இருங்க. மெக்கானிக் கிளம்பிட்டார், பத்து நிமிஷத்துல வந்துடுவார்."

உள்ளேயிருந்து "மெக்கானிக்கா? எதுக்கு?" என்று மெல்லிய குரல் வந்தது. அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்கங்க. பதினேழு வருஷம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசுற வேலை பார்த்தேன். மணி அடிச்சதும் வாய்ல அதுவா வந்துடுச்சு. இங்கே மெக்கானிக் யாரும் இல்லை, மெஷின் நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி சிரித்தார். எடுத்த படமெல்லாம் கலங்கிப்போய் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து இருந்த நாலு பேரும் காத்துக் கிடந்தார்கள். ஒன்று மட்டும் உண்மை, டீச்சர் அதற்குப் பிறகு உருண்டையை அமுக்கவே இல்லை. ஆனால் பெரிய டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"யாரும்மா அந்த மெக்கானிக்? மைக்கை டெக்னீஷியன் தவிர யாரும் தொடக் கூடாது. உங்க அண்ணனை வீல்சேரோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

எனக்கு மூக்கு உடைந்தது. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு மறுபடி ஒரு பாட்டம் திட்டினேன். அவர் கேட்கிற மாதிரியே தெரியவில்லை. மாதக்கணக்கில் செத்துக் கிடந்த முகத்தில் களை வந்திருந்தது.

"அந்தம்மா சிரிச்சாங்க, கேட்டியா?" என்றார்.

அடுத்த மூன்று வாரமும் அவர் மைக் பக்கம் போகவில்லை. மணி அடித்தால் எழுந்து நிற்பார். வீல்சேரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், அடி எடுத்து வைக்காமல் நிற்பார். உள்ளே டெக்னீஷியன் "ஆடாதீங்க" என்பார். இங்கே இவர் உதடு அசையும். தான் சொல்ல வேண்டியதைத் தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். அதைப் பார்க்கிறபோது பாவமாக இருக்கும். ஒரு மனுஷனுக்கு ஆசைப்பட எவ்வளவோ இருக்கிறது, இவருக்குப் பார் ஒரு மைக் என்று எரிச்சலாகவும் வரும்.

நான் கவனிக்காத ஒன்றை டெக்னீஷியன் கவனித்திருக்கிறார்.

"உங்க அண்ணன் என்கிட்ட தினமும் வந்து கேக்கிறார், தெரியுமா? எந்தச் சத்தம் எத்தனை நிமிஷம், நடுவுல எப்ப அமைதியா இருக்கும், காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு. எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கார். தள்ளிட்டு வர்ற வழியில நோயாளிங்ககிட்ட சொல்லிக்கிட்டே வர்றார். இவர் தள்ளிட்டு வர்றவங்க மணி அடிக்கிறதே இல்லைங்க. நானும் பத்து நாளாப் பார்க்கிறேன்."

"இதைப் பெரிய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பார்க்கலாம்னார்."

அவருடைய பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கடைசி நாள் சனிக்கிழமை. அண்ணனுக்கு நாலு மணிக்கு பஸ். அண்ணி மூன்று மணிக்குப் பெட்டியோடு இங்கேயே வந்துவிடுவதாக ஏற்பாடு. இரண்டரை மணிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். முதுகுத் தண்டில் ஆபரேஷன், திங்கட்கிழமை. அதற்குள் இந்தப் படம் வேண்டும். ஏற்கெனவே வேறு இரண்டு இடத்தில் குழாயைப் பார்த்துவிட்டு எழுந்து வந்திருக்கிறார். இங்கேயும் அதே கதைதான். வீல்சேர் வேண்டாமென்று நடந்தே உள்ளே போனார், மணி அடித்தார், வெளியே எடுத்தோம். மறுபடி போனார், மறுபடி மணி. "ஆளை விடுங்க, நான் ஆபரேஷனே பண்ணிக்கலை" என்று சட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

டெக்னீஷியன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கதவைத் திறந்து அண்ணனைப் பார்த்தார்.

"சார், நீங்க வாங்க. டாக்டர் கேட்டா நான் பேசிக்கிறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஐம்பது வயது மனுஷன், என் அனுமதிக்கு நிற்கிறார். இத்தனை நாள் அவரை எப்படி அதட்டி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போண்ணா" என்றேன்.

அவர் முதலில் லாரி டிரைவரிடம் போய் நின்றார்.

"வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி யார் பார்த்துச் சொல்லுவாங்க?"

"கிளீனர்."

"அப்ப உங்களுக்குப் பின்னாடி தெரியுமா?"

"எங்கே தெரியும்? அவன் குரலை வெச்சுத்தான் எடுப்பேன்."

"இன்னைக்கு நான் கிளீனர். நீங்க கண்ணை மூடிக்குங்க. எவ்வளவு தூரம் இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டே வர்றேன். நிறுத்தணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நிறுத்திடறேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். அண்ணன் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வரலாம், வரலாம், மெதுவா. அவ்வளவுதான், உள்ளே வந்தாச்சு. இப்ப தட்டுற மாதிரி சத்தம் வரும், நாலு நிமிஷம். அது முடிஞ்சதும் நான் பேசுவேன்."

நாலு நிமிஷம் மெஷின் இரைந்தது. ஓய்ந்த உடனே, ஒரு நொடி தாமதிக்காமல், அண்ணன் குரல். "முடிஞ்சுது. நல்லா ஓட்டினீங்க. அடுத்தது ஆறு நிமிஷம், இதைவிடக் கொஞ்சம் முரட்டுச் சத்தம். மேடு பள்ளமான ரோடுன்னு வெச்சுக்குங்க." அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வந்தது. அதுவே பதில். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

அண்ணி வந்தது அப்போதுதான். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். டெக்னீஷியன் கதவைச் சாத்தாமல் விட்டிருந்ததால் உள்ளே பேசுவது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. அண்ணி கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு பேசுறது? புது டாக்டரா?"

நான் அவளைப் பார்த்தேன். விளையாடவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறாள்.

"உங்க வீட்டுக்காரர் அண்ணி."

அவள் நம்பவில்லை. எழுந்து போய்க் கதவோரமாக எட்டிப் பார்த்தாள். அண்ணனின் முதுகு தெரிந்திருக்கும். அவர் டிரைவரிடம் சொந்த ஊரில் வீடு எந்தப் பக்கம் பார்த்தது, வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, போய் இறங்கினால் முதலில் ஓடி வருவது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டாம், நினைத்துக்கொண்டே இருங்கள், இந்தச் சத்தம் முடிந்ததும் சொல்லலாம் என்றார். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் அவர் என்ன செய்தார் என்பதை முதல் தடவையாகக் கேட்கிறாள். அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

பெரிய டாக்டரும் வந்துவிட்டார். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு டெக்னீஷியனிடம் குனிந்து, "எத்தனை தடவை மணி அடிச்சார்?" என்றார்.

"ஒரு தடவைகூட இல்லை சார். இருபது நிமிஷம் ஆச்சு."

டாக்டர் திரையில் படத்தைப் பார்த்தார். துல்லியமாக வந்திருந்தது. வெளியே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"திங்கக்கிழமைலேர்ந்து உங்க அண்ணனுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. வீல்சேரை வேற யாராவது தள்ளட்டும்." போகிறபோது திரும்பி, "மெக்கானிக்கை மட்டும் அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணி மெதுவாக வந்து உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவளுடைய ஃபோன் அடித்தது. பைப் கடைத் தம்பி.

"அக்கா, மச்சான் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாரா?"

"இல்லைடா. அவர் வரலை."

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"வேலையில இருக்கார்டா" என்றாள் அண்ணி. ஃபோனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சந்தோஷமான நேரத்துல எதுக்கு அண்ணி அழறீங்க?" என்றேன்.

"சந்தோஷம்தான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏன்டி, எனக்கும் ஒரு ஸ்கேன் எழுதித் தரச் சொல்றியா?" என்றாள்.

"உடம்புக்கு என்ன அண்ணி? எங்கே வலிக்குது? ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைடி. உள்ளே போய்ப் படுத்துக்கிட்டா, என்கிட்டயும் அரை மணி நேரம் இப்படிப் பேசுவார் இல்லே?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அண்ணன் லாரி டிரைவரிடம், இன்னும் இரண்டே நிமிஷம்தான், அப்புறம் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள், நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.